டோரிங் தனிக்குடித்தனம் போன கதை

எங்கள் டோரிங்குக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வராது. ஊமை இல்லை. நன்றாகப் பேசுவான், சிரிப்பான், வேலை செய்துகொண்டே முணுமுணுவென்று பாடவும் செய்வான். ஆனால் யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் போதும், இரண்டு புருவமும் மேலே ஏறிவிடும். எங்கள் ஆட்களிடம் புருவம் ஏறினால் சரி என்று அர்த்தம். வின்னிபெக்குக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் வாசலில் குவிந்த பனியை வாரி ஒதுக்கிக் கொடுத்தான். மாதா கோவில் பாடகர் குழுவை நடத்தும் அம்மாள் ஒரு வார்த்தை கேட்டாள், அதிலும் சேர்ந்தான். அவன் குரலைக் கேட்ட பிறகு அவளுக்கும் 'வராதே' என்று சொல்ல வாய் வரவில்லை, அவளும் எங்கள் ஊர்க்காரிதானே. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பவன் யார் என்று பார்த்தால் அது டோரிங்தான்.

முழுப்பெயர் விக்டோரினோ பம்ப்ளோனா. வயது நாற்பத்தொன்று. இத்தனை வயதில் அவன் தனக்கென்று ஒரு வீட்டில் இருந்ததே கிடையாது. சின்ன வயதிலேயே தாய் தகப்பன் போய்விட்டதால் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் சொந்த ஊரான இலோய்லோவில் மாமன் வீட்டில் வளர்ந்தான். கல்யாணமானதும் மாமனார் வீடு. அப்புறம் தைவானில் ஆலை விடுதி, ஒருவன் எழுந்தால்தான் இன்னொருவன் படுக்கலாம் என்கிற மாதிரி அறை. அதற்கப்புறம் இங்கே, என் அண்ணி கொன்சிங் வீட்டு பேஸ்மென்ட். போன இடத்திலெல்லாம் கால் சத்தம் கேட்காமல் நடந்தான், குளிக்கிற தண்ணீரைக்கூடச் சிக்கனமாக ஊற்றிக்கொண்டான், ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன்னால் "திறக்கலாமா?" என்று கேட்டான்.

நான் ஃபெலி. முதியோர் இல்லத்தில் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று குடும்பத்தில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். கொன்சிங்கின் புருஷன் ருஃபோ என் சொந்த அண்ணன். டோரிங் அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவனைக் கூப்பிட்டு, வேலைக்குச் சொல்லிவைத்து, விமானநிலையத்தில் தடிமனான கோட்டோடு போய் நின்று அழைத்து வந்தவள் அவள்தான். அவனை மட்டுமா? எங்கள் சொந்தத்தில் கனடா வந்தவர்கள் எல்லாரும் அந்த பேஸ்மென்ட்டில்தான் முதல் தூக்கம் தூங்கியிருக்கிறோம், நானும்தான். சோறு போடுவாள், பேருந்து ஏறக் கற்றுக்கொடுப்பாள், உள்ளாடைக்கு மேல் எத்தனை அடுக்கு போட வேண்டும் என்பதுவரை சொல்லிக்கொடுப்பாள். மகராசி. எல்லாம் செய்வாள், ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு ஆகாது. யாராவது அந்த வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்லக் கூடாது.

சொன்னால் சண்டையா போடுவாள்? சண்டை போட்டால்தான் தேவலையே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். எங்கள் ஊரில் பிரியமானவர்கள்மீது வருகிற கோபம் அப்படித்தான். ஏன் என்று சொல்ல மாட்டார்கள், நீயாகக் கண்டுபிடித்து நீயாகச் சமாதானம் செய்ய வேண்டும். என் அக்கா மகன் வீடு மாறினபோது அவன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகும்வரை அவள் அவனோடு பேசவில்லை. ஞானஸ்நானத்துக்கு முழுப் பன்றி வறுத்துக் கொண்டுபோனாள், அப்போதும் பன்றியைப் பற்றித்தான் பேசினாள்.

இந்த நிலைமையில்தான் டோரிங்கின் மனைவி எடித்தாவுக்கும் மகள் ஜெலாய்க்கும் விசா வந்தது. பிப்ரவரி கடைசியில் வருகிறார்கள்.

விசா வந்த வாரம் டோரிங் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். கையில் ரொட்டிப் பொட்டலம், வெறுங்கையோடு வர மாட்டான்.

"அக்கா, இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி இல்ல?"

"வின்னிபெக்ல வேற எப்படி இருக்கும்?"

"ஆமாமா. உங்க வீட்டு ஜன்னல் நல்லா இருக்குக்கா. மூணு கண்ணாடி போட்டதா?" அவன் வேலை பார்ப்பது ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில். பேச்சுக்கு எதுவும் கிடைக்காதபோது ஜன்னலுக்குப் போய்விடுவான்.

"டோரிங், உனக்கு என்னடா வேணும்?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா வந்தேன்."

சும்மா வந்தவன் காப்பி ஆறும்வரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். உடம்புக்கு முடியலையா? வேலை போயிடுச்சா? எடித்தாவோட சண்டையா? புருவம் அசையவில்லை. கடைசியில், "வீடு பாத்துட்டியா?" என்றேன். இரண்டு புருவமும் நெற்றி மயிர்வரை போய்விட்டன. சட்டைக்குள் கைவிட்டு, கழுத்துச் சங்கிலியில் மாதா பதக்கத்தோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்த சாவியை எடுத்துக் காட்டினான்.

"கொன்சிங்கிட்ட சொன்னியா?"

அவன் உதட்டைக் குவித்து என் பக்கம் சுட்டினான். அதாவது, நீங்கள் சொல்லுங்கள். எங்களில் இப்படித்தான். பெண் கேட்பதானாலும் மன்னிப்புக் கேட்பதானாலும் நடுவில் ஒரு ஆளை அனுப்புவோம், நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேசுவது மரியாதையில்லை. "நீங்க சொன்னா அவங்க கேப்பாங்கக்கா" என்றான். சொல்லிவிட்டு என் வாசற்படியில் உறைந்திருந்த பனியை வெட்டிப்போட்டுவிட்டுப் போனான். நான் கேட்கக்கூட இல்லை.

சரி, வாய் நீளக்காரி சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது என்று மறுநாள் போனேன். கதவைத் திறந்ததும் பெயின்ட் வாசனை. கீழே போனால், டோரிங் படுக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் என் அண்ணன் ருஃபோ ஏணிமேல் நிற்கிறான், தலைமயிரெல்லாம் இளஞ்சிவப்பு. கொன்சிங் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவனை வேலை வாங்குகிறாள்.

"வா ஃபெலி, நீயே சொல்லு. ஜெலாய்க்கு இந்தக் கலர் பிடிக்குமா? இவரு பச்சை அடிக்கலாங்கிறாரு. பொண்ணு ரூமுக்கு யாராவது பச்சை அடிப்பாங்களா?"

சுவரோரம் புதுக் கட்டில். அதன்மேல் மீன் படம் போட்ட போர்வை. அவளே தைத்த தலையணை உறை. "நான் பெத்தது ரெண்டும் பசங்களா போச்சு. இந்தப் பொண்ணுக்காவது தலை பின்னி விடலாம்" என்றாள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? அவள் வைத்த புளிச் சாற்றை மூன்று கிண்ணம் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"சொல்லிட்டீங்களா அக்கா?" என்று டோரிங் போனில் கேட்டான்.

"சாறு ரொம்ப நல்லா இருந்துச்சுடா" என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஆள் அல்லவா.

அதன்பிறகு அவன் தன் வழியில் இறங்கினான். சொல்லாமலே கொஞ்சம் கொஞ்சமாக வீடு மாறினால், ஒருநாள் தானாகத் தெரிந்துவிடும், யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டிருக்கிறான். என்ன புத்தி. சாப்பாட்டுப் பையில் ஒரு வாணலி போயிற்று. பாடல் புத்தகப் பையில் துண்டுகள் போயின. போர்வையை உடம்பில் சுற்றி அதன்மேல் கோட்டு மாட்டிக்கொண்டு போனான். அதெல்லாம் அவன் காசில் வாங்கியவைதான், ஆனாலும் திருடன் மாதிரி பின்கதவு வழியாகப் போய்வந்தான்.

கொன்சிங்கின் கண்ணில் இது படாமல் இருக்குமா? மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவள், ஒரு தலையணை உறை குறைந்தால் கண்டுபிடிப்பவள். ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். குரலை இறக்கிப் பேசினாள்.

"ஃபெலி, டோரிங் வேலைக்குப் போறப்ப பிள்ளைத்தாச்சி மாதிரி போறான், வர்றப்ப ஈர்க்குச்சி மாதிரி வர்றான். வேலை விட்டு ரெண்டு மணி நேரம் எங்கயோ போறான். நேத்து அவன் கோட்டுல கடைச் சீட்டு கிடந்துச்சு. என்ன வாங்கியிருக்கான் தெரியுமா? பொம்பளைங்க போடுற கோட்டு."

"எடித்தாவுக்கா இருக்கும் அண்ணி."

"எடித்தாவுக்குத்தான் என்னோட கோட்டு எடுத்து வெச்சிருக்கேனே. அவனுக்கும் தெரியும். இது வேற ஒருத்திக்கு. பொண்டாட்டி வர்ற நேரத்துல இவன் எவளையோ வெச்சிருக்கான் ஃபெலி."

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் என் அண்ணியை எனக்குத் தெரியும். தம்பி வேறொருத்தியோடு போனான் என்றால் அழுவாள், ஜெபமாலை சொல்லுவாள், மன்னித்தும் விடுவாள். வேறு வீட்டுக்குப் போனான் என்றால்தான் ஆபத்து. தவிர, அது டோரிங் வாயிலிருந்து வர வேண்டிய சேதி. ஆகையால், "சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது" என்று பூசி மெழுகினேன்.

அவள் அதோடு விட்டாளா? இலோய்லோவில் இருந்த எடித்தாவுக்கே போன் போட்டுவிட்டாள். அந்தப் பெண்ணுக்குப் புருஷன் வீடு பார்த்தது தெரியும். திரைச்சீலைக்கு நிறம் சொன்னவளே அவள்தான். நியாயமாக, "அது எங்க வீடுதான் அக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்க வேண்டும். முடித்தாளா? புருஷன் சொல்லாததைத் தான் எப்படிச் சொல்வது என்று மென்று முழுங்கி, "ஆமாக்கா, எனக்கும் கொஞ்ச நாளா சந்தேகமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். பிற்பாடு என்னிடம் இதைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு அபார்ட்மென்ட்டை மறைப்பதற்காகச் சொந்தப் புருஷனுக்கே கள்ளக்காதலியைக் கட்டிவைத்த பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன்.

பொண்டாட்டியே சந்தேகப்படுகிறாள் என்றானதும் கொன்சிங் களத்தில் இறங்கிவிட்டாள். சனிக்கிழமை மதியம் என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. அவள் பக்கத்து இருக்கையில் பெரிய தட்டு, மேலே வெள்ளித்தாள் போட்டு மூடியிருந்தது. உள்ளே பன்சிட், எங்கள் நூடுல்ஸ், இறாலும் முட்டைக்கோசும் போட்டு வதக்கியது.

"ஏறு. அவன் எந்தக் கட்டடத்துக்குப் போறான்னு கண்டுபிடிச்சுட்டேன். இன்னிக்கு அவளை நேர்ல பாத்துடலாம்."

"தட்டு எதுக்கு அண்ணி?"

"ஒருத்தி வீட்டுக்குப் போறோம். வெறுங்கையோட போனா நம்மளப் பத்தி என்ன நினைப்பா?"

"அவ உன் தம்பியைக் கெடுத்தவன்னு சொன்ன."

"அது வேற. இது வேற."

போகும் வழியில் நானும் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "அண்ணி, ஒருவேளை பொம்பளையே இல்லாம இருந்தா?"

"பொம்பளை இல்லாம எந்த ஆம்பளை திரைச்சீலை வாங்குவான்? அந்தச் சீட்டும் பாத்துட்டேன்."

கட்டடத்தின் கீழ்க்கதவுக்குச் சாவி வேண்டும். ஆனால் எந்தக் கட்டடத்திலும் எங்கள் ஆள் ஒருத்தி இல்லாமல் இருக்க மாட்டாள். லூஸ்விண்டா என்று ஒரு அம்மாள், துணி துவைத்துக்கொண்டு வந்தவள், வெள்ளித்தாள் மூடிய தட்டைப் பார்த்ததும், "யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாள். டோரிங் எந்த வீடு என்றும் சொன்னாள். அவனைப் பற்றிப் புகழ்ச்சி வேறு, அவள் வீட்டு ஜன்னலைச் சரிசெய்து கொடுத்தானாம்.

கதவைத் தட்டினோம். டோரிங் திறந்தான். தோளில் திரைச்சீலை, வாயில் ஆணி. எங்களைப் பார்த்ததும் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. கொன்சிங் தட்டை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே நுழைந்தாள். குளியலறையைப் பார்த்தாள். வாளியும் குவளையும் மட்டும் இருந்தன. துணி அலமாரியைத் திறந்தாள். பெண்கள் கோட்டு தொங்கியது. எடுத்துத் தோள் அளவு பார்த்தாள். அதன் கீழே சின்னப் பனிக்காலணி ஒரு ஜோடி, ஒன்பது வயதுப் பெண் போடுகிற அளவு. உள்ளறையில் பெரிய கட்டில் ஒன்று, சின்னக் கட்டில் ஒன்று. சுவரில் எடித்தாவும் ஜெலாயும் கடற்கரையில் நிற்கிற படம்.

அண்ணி அந்தப் படத்தின் எதிரே நெடுநேரம் நின்றாள்.

"வேற பொம்பளை யாரும் இல்லையா?"

"இல்லக்கா."

"இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பயமாகவும் இருந்தது. "இது யாரு வீடு டோரிங்?" என்று அவள் கேட்டாள். இப்போதாவது சொல்லித் தொலையேன்டா என்று நான் அவனைப் பார்த்து உதட்டைக் குவிக்கிறேன், கண்ணை உருட்டுகிறேன்.

"இல்லக்கா... வந்து... ஜன்னல் சரியா மூடுதான்னு பாக்க வந்தேன்."

அவள் சமையலறைக்குப் போய் அலமாரிக் கதவுகளைத் திறந்தாள். தட்டுகள், வாணலி, வினிகர், சோயா சாறு, ஒரு பொட்டலம் கருவாடு, சோறு வடிக்கிற மின்சாரப் பானை. எல்லாம் இருந்தது. அரிசி இல்லை. உப்பு இல்லை.

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமாகத் தெரியாது. எங்களில் புது வீட்டில் குடிபோகிற அன்று முதலில் உள்ளே போக வேண்டியது அரிசியும் உப்பும். அதை எடுத்துக்கொண்டு முதலில் படி தாண்ட வேண்டியவர் குடும்பத்தில் மூத்தவர். அது நடக்கும்வரை யாரும் அங்கே படுக்க மாட்டார்கள், அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். அப்பா அம்மா இல்லாத டோரிங்குக்கு மூத்தவர் யார்? கொன்சிங் அந்தக் காலி அலமாரியைப் பார்த்தாள். அவன் யாருக்காக அதைக் காலியாக வைத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மெதுவாகக் கதவைச் சாத்தினாள். "வா ஃபெலி, போகலாம்" என்றாள். டோரிங் லிஃப்ட் வரை பின்னாலேயே வந்தான். வாயைத் திறந்தான், மூடினான். லிஃப்ட் கதவும் மூடியது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு நின்றது. சோறு நிற்கவில்லை. அவன் சீருடைக்கு இஸ்திரி நிற்கவில்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். "ருஃபோ, குழம்பு சூடா இருக்குன்னு அவன்கிட்ட சொல்லுங்க" என்பாள். கூடைப்பந்து பார்த்துக்கொண்டே என் அண்ணன், "சூடா இருக்காம்" என்பான். "நான் அப்புறம் சாப்பிடுறேன்னு அக்காகிட்ட சொல்லுங்கண்ணா" என்பான் டோரிங். "நான் என்ன டெலிபோனா? இந்தப் பந்து உள்ள போச்சா இல்லையான்னு கூட எனக்குத் தெரியல" என்று ஒருநாள் ருஃபோ கத்தியேவிட்டான். அவன் வாழ்க்கையில் கத்தியது அந்த ஒருமுறைதான்.

டோரிங்கும் சும்மா இருக்கவில்லை. அவள் அடுப்பைக் கழற்றித் துடைத்தான், கேக் வாங்கி வந்தான், வீட்டின் எல்லா ஜன்னலுக்கும் புது ரப்பர் போட்டான். எதற்கும் அவள் மசியவில்லை. அவளுக்கு வேண்டியது ரப்பரா? நான் அவனைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"வாயைத் திறந்து சொல்லுடா. தனியாப் போறேன், அதுக்கு நீங்கதான் அரிசி கொண்டுவரணும்னு சொல்லு. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கா."

"போறேன்னு சொன்னா அவங்க வீடு பிடிக்கலைன்னு ஆயிடுமேக்கா. இந்த வீட்டுல எனக்கு ஒரு குறையும் இல்ல."

"அப்ப ஏன்டா போற?"

ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜன்னலைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"யார் வீட்டுக்குள்ள போனாலும், நான் எங்க நின்னா இடைஞ்சல் இருக்காதுன்னுதான் முதல்ல பாப்பேன்க்கா. சின்ன வயசுலயிருந்து அப்படியே பழகிடுச்சு. ஜெலாயும் தாத்தா வீட்டுல அப்படித்தான் நிக்கிறா. போன்ல பாக்குறேனே, சுவரோரமா நிக்கிறா. அவ ஃப்ரிட்ஜை யாரையும் கேக்காம திறக்கணும். கதவை டமார்னு சாத்தணும். அவ்வளவுதான்க்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை அப்படியே அவளிடம் போய்ச் சொல்லு என்றேன். புருவத்தைத் தூக்கினான். போய் அடுப்பை இன்னொருமுறை துடைத்தான்.

அந்தப் பக்கம் கொன்சிங்கைப் பற்றி ருஃபோவிடம் கேட்டேன். "வேலைவிட்டு வந்ததும் அந்தப் பிங்க் ரூம்ல போய் உக்காந்துக்கிறா. பசங்க வேற ஊருக்கு, கால்கரிக்குப் போனப்பவும் இப்படித்தான் இருந்தா" என்றான். பிறகு தயங்கித் தயங்கி, "கீழ யாருமே இல்லைன்னா, மேல நானும் அவளும் மட்டும்தான் இருக்கணும் ஃபெலி" என்றான். அதை நினைத்து அவனும் கொஞ்சம் பயந்துதான் போயிருந்தான்.

எடித்தாவும் ஜெலாயும் வருகிற நாள் வந்தது. விமானநிலையத்துக்குக் குடும்பமே திரண்டு போவது எங்கள் வழக்கம். கொன்சிங் வரவில்லை. "எனக்கு வேலை இருக்குன்னு சொல்லிடுங்க" என்று ருஃபோவிடம் சொன்னாள். ஆனால் இரண்டு தடிமனான கோட்டும் கம்பளித் தொப்பியும் வண்டியில் எடுத்து வைத்திருந்தாள்.

எடித்தா டேப் சுற்றிய அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினாள். டோரிங் மகளைத் தூக்கப் போனான். அவள் வளர்ந்துவிட்டிருந்தாள், தூக்க முடியவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எடித்தா புருஷனைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கூட்டத்தில் தேடினாள். "அக்கா எங்க?" என்றாள். ருஃபோ குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கினான்.

பெரிய சாலைச் சந்திப்பில் ருஃபோ வண்டியை நிறுத்தினான். வலது பக்கம் போனால் கொன்சிங் வீடு.

"எந்தப் பக்கம் திரும்பணும் டோரிங்?"

"உங்க இஷ்டம்ணா."

"என் இஷ்டம்னா வீட்டுக்குப் போய் மேட்ச் பாப்பேன். எந்தப் பக்கம்?"

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. டோரிங் மகளைப் பார்த்தான். அப்புறம் உதட்டைக் குவித்து இடது பக்கம் காட்டினான்.

அபார்ட்மென்ட் கதவு திறந்தது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, திரைச்சீலை மாட்டியிருந்தது. எடித்தா படியிலேயே நின்றுவிட்டாள். "அரிசி யாரு கொண்டுவர்றாங்க?" என்று கேட்டாள். டோரிங் காலணி நுனியைப் பார்த்தான். "அப்ப எப்படி உள்ள போறது?" என்று அவள் மகளை இழுத்து நிறுத்திக்கொண்டாள். கடல் தாண்டி வந்த இரண்டு பேரும், ஐந்து பெட்டியும், நானும் ருஃபோவும் நடைவழியில் சுவரோரமாக நின்றோம். திறந்த கதவு வழியாகச் சின்னக் கட்டில் தெரிந்தது. ஜெலாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் தலை ஆடியது.

சத்தம் கேட்டு லூஸ்விண்டா அம்மாள் வெளியே வந்தாள். எங்கள் ஊர்க்காரிக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமா? பார்த்ததுமே புரிந்துகொண்டு உள்ளே ஓடி, ஒரு பை அரிசியும் கொஞ்சம் உப்பும் கொண்டுவந்தாள்.

"இந்தாப்பா. நானும் வயசானவதான். நான் எடுத்துட்டு உள்ள போறேன், நீங்க பின்னாலயே வாங்க. குழந்தை நின்னுகிட்டே தூங்குது பாரு."

நல்ல மனுஷி. மறுக்க முடியாத மாதிரிதான் கேட்டாள். நாங்கள் எல்லாரும் டோரிங்கின் புருவத்தைப் பார்த்தோம். அது ஏறப்போகிறது, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

புருவம் அசையவில்லை.

"வேண்டாங்க" என்றான் டோரிங்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம் வந்துவிட்டது. எடித்தாவும் திரும்பிப் பார்த்தாள்.

"என் அக்கா கொண்டுவருவாங்க" என்றான்.

"எப்பப்பா வருவாங்க?"

"தெரியாதுங்க. நான் இன்னும் அவங்களைக் கூப்பிடவே இல்ல. கூப்பிடணும். தப்பு என்னோடது. அவங்க இல்லாம இந்த வீட்டுக்குள்ள நாங்க போக மாட்டோம்."

போனை எடுத்தான். எண்ணை அழுத்தினான். நடைவழியின் கோடியில், லிஃப்ட் பக்கம், ஒரு போன் மணி அடித்தது.

கொன்சிங் அங்கே நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. வண்டியை ருஃபோ எடுத்து வந்துவிட்டதால் பேருந்தில் வந்திருக்கிறாள். மகன்கள் சின்ன வயதில் பனியில் சறுக்கிய பிளாஸ்டிக் பலகையில் அரிசி மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டி, நிறுத்தத்திலிருந்து தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கோட்டுக்குள்ளே சலவைக்கூடச் சீருடை. மூக்கு சிவந்திருந்தது, குளிராலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. பையில் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தாள். பத்தடி தூரத்தில் நிற்கிறவனிடம் போனில் பேசினாள்.

"என்ன?"

டோரிங்கும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "அக்கா... இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி..."

"குளிரைப் பத்தி நான் கேக்கல."

"தனியா வந்துட்டேன்க்கா. உங்க வீடு பிடிக்காம இல்ல. ஜெலாய் அவ அப்பன் வீட்டுல வளரணும். நீங்க வந்து அரிசி வைக்கணும்."

கொன்சிங் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பலகையை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். ருஃபோ ஓடிப்போய் மூட்டையைத் தூக்கப் பார்த்தான், தள்ளிவிட்டாள். தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். உப்புப் பொட்டலம் மறு கையில். படிக்கு இந்தப் பக்கமே நின்றாள். உள்ளே போகவில்லை. டோரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பாவம், அவன் எங்கே பழகியிருக்கிறான். எத்தனையோ வாசலில் நின்று மற்றவர்கள் கூப்பிடக் காத்திருந்தவன், தான் ஒருவரைக் கூப்பிட்டதில்லை. கதவை அகலத் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள வாங்கக்கா" என்றான்.

"இதைச் சொல்ல இவ்வளவு நாளா? இடுப்பு ஒடியுது" என்று சொல்லிக்கொண்டே அவள் படி தாண்டினாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைக்கக் கை காலியில்லை. அப்புறம் அவன் எடித்தாவைக் கூப்பிட்டான். மகளைக் கூப்பிட்டான். என்னையும் ருஃபோவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அரிசிப் பையோடு நின்ற லூஸ்விண்டா அம்மாளையும் விடவில்லை. வாங்க, வாங்க என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னான். உள்ளே யாரோ ஃப்ரிட்ஜைத் திறக்கிற சத்தமும், "ஐயோ, இந்தத் திரைச்சீலை என்ன கண்றாவி" என்று கொன்சிங் சொல்லுவதும் கேட்டது. டோரிங் கதவைப் பிடித்தபடியே வெளியில் நின்றான். எல்லாரும் உள்ளே போன பிறகு கடைசியாகத்தான் அவன் போனான், வீட்டுக்காரன் அப்படித்தானே போக வேண்டும்.